கம்ப்யூட்டருக்குச் செருப்பு ஆகாது

அந்தக் குடிநீர் அலுவலகத்தில் படிக்காதவர்கள் என்று யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குமாஸ்தாக்கள் எல்லோரும் பட்டதாரிகள். கணக்கர் இரட்டைப் பட்டதாரி. எல்லோருக்கும் மேலே உட்கார்ந்திருந்தவர் என்ஜினியர். எந்தக் குழாயில் எவ்வளவு அழுத்தம் கொடுத்தால் தண்ணீர் எத்தனை மாடி ஏறும் என்று பென்சிலைத் தொடாமலே சொல்லக்கூடியவர். இப்படிப்பட்ட அறிவாளிக் கூட்டம்தான் வருடக்கணக்கில் ஒரு கண்ணாடிக் கதவுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாத்தியாரிடம் அடி வாங்க வந்த பிள்ளைகள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இருந்தன. தண்ணீர் வரிக்கான பில்களை அச்சடித்துத் தள்ளுவதற்காக வாங்கிப் போட்டவை. செருப்பில் ஒட்டிவரும் தூசி அதன் மூளைக்குள் போய் உட்கார்ந்துவிடும் என்றார்கள். நம்பினார்கள். மூச்சுக்காற்று பட்டால் திரை மங்கிவிடும் என்றார்கள். உள்ளே போனவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்கள். சளி பிடித்தவன் வாசலோடு சரி. கொஞ்ச நேரம் ஓடினால் கொஞ்ச நேரம் அதற்கு ஓய்வு வேண்டும். ஏசி மட்டும் நின்றுவிட்டால் போதும், உள்ளே இருக்கிற கணக்கெல்லாம் ஆவியாகப் போய்விடும். கணக்கு எப்படி ஆவியாகும் என்று அந்த இரட்டைப் பட்டதாரிகூடக் கேட்கவில்லை.

இதையெல்லாம் சொன்னவர் அந்த அறையின் பொறுப்பாளர். அதற்கு முன்னால் வீடுவீடாகப் போய் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தவர். நாய்க்குப் பயந்து வாசலில் நின்றபடியே ஒரு எண்ணை எழுதிக்கொண்டு வந்துவிடுவார் என்று கெட்ட பெயர். கம்ப்யூட்டர் பயிற்சிக்கு ஆள் அனுப்பச் சொன்னபோது, வேலைக்கு ஆகாதவன் போய்வரட்டும் என்று அவரைத் தள்ளிவிட்டார்கள். போன இடத்தில் கதவில் 'காலணிகளைக் கழற்றவும்' என்று எழுதியிருந்தது. அங்கே சொல்லிக்கொடுத்ததில் அவருக்கு முழுசாக விளங்கியது அந்த ஒரு வாக்கியம்தான். அதை வைத்துக்கொண்டு வந்து ஆபீசையே ஆண்டார். முதுகுக்குப் பின்னால் அவருக்குச் 'செருப்பு சார்' என்று பெயர். முகத்துக்கு நேரே, என்ஜினியர் உட்பட எல்லோரும் 'சார்'.

இந்தக் கதை அவரைப் பற்றியது மட்டும் இல்லை. கூடத்தின் மூலையில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த பெரிய டைப்பிஸ்ட்டைப் பற்றியது.

பெரிய டைப்பிஸ்ட் ஊரில் யாரையும் மதித்ததில்லை. பஸ் கண்டக்டரான தன் கணவர் சில்லறை எண்ணும்போது உதட்டை அசைக்கிறார் என்று மதிக்கவில்லை. 'வாய்ப்பு' என்ற சொல்லை என்ஜினியர் ஒவ்வொரு முறையும் தப்பாக எழுதிக் கொடுக்கிறார் என்று அவரையும் மதிக்கவில்லை. டைப்ரைட்டரில் அவள் உட்கார்ந்தால் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி இருக்கும். பக்கத்தில் நின்று பேச முடியாது. அந்தச் சத்தத்தை வைத்தே, பேச விரும்பாத ஆட்களைத் துரத்துவாள். பக்கத்து மேஜையில் சின்ன டைப்பிஸ்ட். வேலைக்கு வந்து சில வருடங்கள் ஆன, கல்யாணமாகி இன்னும் பிள்ளை இல்லாத, வாய்க்கு வாய் 'அக்கா, அக்கா' என்கிற பெண். தன் சாப்பாட்டில் நல்லதாக இருப்பதை எடுத்து முதலில் அக்காவின் டிபன் மூடியில் வைப்பாள். அக்காவும் சாப்பிடுவாள்.

தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது ஒரு மழைக்காலத்தில். இனி ஆபீசுக்கு ஒரு டைப்பிஸ்ட் போதும். அந்த ஒருவரும் கம்ப்யூட்டர் பழகியவராக இருக்க வேண்டும். வருட முடிவுக்குள் பழகாதவரை நீரேற்று நிலையத்துக்கு மாற்றிவிடலாம்.

நீரேற்று நிலையம் என்பது பஸ் போய் முடிகிற இடத்திலிருந்தும் நடந்து போக வேண்டிய இடம். மோட்டார் ஓடுகிற கொட்டகை, ஒரு நாற்காலி, அளவுகளை எழுத ஒரு பலகை. ஷிப்ட் வேலை. வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது கண்டக்டர் சட்டையைக்கூடக் கழற்றாமல் தீர்ப்புச் சொன்னார்.

"அங்கல்லாம் போக வேணாம். எழுதிக் குடுத்துட்டு வீட்ல இரு. எங்கம்மாவுக்கும் தொணையா இருக்கும்."

"ஒங்கம்மாவுக்குத் தொணைக்கா நான் டைப் ஹையர் பாஸ் பண்ணேன்?"

"பாஸ் பண்ணி என்ன பண்ண? ஊரான் எழுதுறத காப்பி பண்ற. நான் கிழிக்கிற டிக்கெட்டாவது நானே கிழிக்கிறேன்."

உள்ளறையிலிருந்து மாமியார் இருமினார். அந்த இருமலுக்குப் பக்கத்தில் மீதி நாளெல்லாம் உட்கார்ந்திருப்பதை நினைத்தபோதுதான் பெரிய டைப்பிஸ்ட்டுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. அந்த ஒரு இடம் தனக்குத்தான் வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். செருப்பு சார் கதவை ஒரு சாண் திறந்து முகத்தை மட்டும் நீட்டினார்.

"சார், தெனமும் கொஞ்ச நேரம் உக்காந்து பழகிக்கிறேன்."

"எதுல?"

"கம்ப்யூட்டர்லதான். வேற எதுல, உங்க நாற்காலியிலயா?"

அவர் அவளுடைய கையைப் பார்த்தார். "இந்த வெரல் எத்தன வருஷமா டைப் அடிக்குது?"

"நீங்க நாய்க்குப் பயந்து ஓடிட்டிருந்த காலத்துலருந்து."

"அதாம்மா பிரச்சனையே. அது அடிச்சே பழகுன வெரல். இது தடவுற மெஷின். நீங்க ஓங்கி ஒண்ணு வெச்சீங்கன்னா உள்ள பத்து எழுத்து செத்துப்போயிடும்."

"மெதுவா அடிக்கிறேன் சார்."

"வெரலுக்குப் புத்தி சொல்ல முடியுமாம்மா? அதுக்குன்னு ஒரு சுபாவம் வந்துடுதுல்ல." கதவு மூடிக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், உலகத்தில் ஒருத்தர் சொல்வதையும் நம்பாத பெரிய டைப்பிஸ்ட் இதை நம்பினாள். அன்று வெங்காயம் நறுக்கும்போது விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடியை வலிக்காமல் தட்டிப் பார்த்தாள். அடுத்த சில நாட்கள் டைப்ரைட்டரில் பூவை எடுத்து வைக்கிற மாதிரி அடித்து, எழுத்து ஒன்றும் பதியாமல், என்ஜினியரிடம் வெற்றுத் தாளை நீட்டித் திட்டு வாங்கினாள். இத்தனைக்கும் செருப்பு சாரை அவள் மனிதனாகக்கூட எண்ணியதில்லை. மதிக்காத ஆள் சொன்னாலும் பரவாயில்லை, புரியாத விஷயமாக இருந்தால் போதும் போலிருக்கிறது, தலையாட்டிவிடுகிறார்கள்.

அந்த மாதக் கடைசியில் பாக்கிதாரர் விவரம் உடனே வேண்டும் என்று என்ஜினியர் அவளைக் கண்ணாடி அறைக்கு விரட்டினார். தட்டினாள், பதில் இல்லை. ஏசி உறுமுகிற சத்தம் மட்டும் கேட்டது. செருப்பைக் கழற்றினாள், வாயைப் பொத்திக்கொண்டாள், கதவைத் தள்ளினாள்.

அடுப்பு வாயில் முகத்தைக் கொடுத்த மாதிரி இருந்தது.

உள்ளே செருப்பு சார் கழுத்து வரை பொத்தான் போட்ட கம்பளி ஸ்வெட்டரோடும் காதைச் சுற்றிய மப்ளரோடும் உட்கார்ந்து, ஒரு ஃபைல் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டியது. நேரே கீபோர்டின் மேல்தான் சொட்டியது. கம்ப்யூட்டர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"காய்ச்சலா சார்?"

அவர் பாய்ந்து வந்து கதவைச் சாத்தினார். "சத்தம் போடாதீங்கம்மா. ஏசி போயிடுச்சு."

"சத்தம் வருதே?"

"சத்தம் மட்டும்தான் வரும். அதோட காத்தாடிய மட்டும் போட்டு வெச்சிருக்கேன். வெளிய கேக்கணும்ல."

"எப்பருந்து?"

"போன கோடைக்கு முன்னாடி."

பெரிய டைப்பிஸ்ட் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "அப்ப இது?"

"ஓடுதும்மா," என்றார் அவர், சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளையைப் பற்றிப் புகார் சொல்கிற குரலில். "ஒண்ணுமே ஆகல. நானும் இன்னிக்கு நிக்கும், நாளைக்கு நிக்கும்னு பாக்குறேன்."

"அப்பறம் எதுக்கு இந்த வேஷம்?"

"நீங்க ஒண்ணு. வேர்த்துக்கிட்டு வெளிய போனா ஏன்னு கேக்க மாட்டாங்களா? ஏசி இல்லாமயே ஓடுதுன்னு தெரிஞ்சா கதவு எதுக்கும்பாங்க. கதவு வேணாம்னா நான் எதுக்கும்பாங்க. மறுபடி மீட்டர் பாக்கப் போன்னு சொல்லிட்டா? நாய்க்கடி ஊசி எப்படி இருக்கும் தெரியுமா உங்களுக்கு?"

இந்த இடத்தில் நியாயமான ஒருத்தி என்ன செய்திருப்பாள்? கதவை விரியத் திறந்து, கூடத்தில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியிருப்பாள். பெரிய டைப்பிஸ்ட்டுக்கும் ஒரு நொடி அந்த ஆசை வந்தது. என்ஜினியரின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று. ஆனால் கதவு திறந்தால் எல்லோருக்கும் திறக்கும். சின்ன டைப்பிஸ்ட்டுக்கும் திறக்கும். இருப்பதோ ஒரே இடம்.

"எனக்கு ஒரு நாற்காலி போடுங்க," என்றாள்.

"ரெண்டு பேர் உக்காந்தா அறை சூடாயிடும்மா, மெஷினுக்கு..." என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்தவர், அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். மப்ளரால் முகத்தைத் துடைத்தார். "சரி. வரும்போது ஒரு ஸ்வெட்டர் கொண்டாந்துடுங்க."

ஸ்வெட்டரை அவள் பைக்குள் வைப்பதைக் கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"என்னடி, எந்த மலைக்குக் கிளம்பிட்ட?"

"ஆபீஸ்ல ஏசி ரூம்ல வேலை. குளிரும்."

"நான் பஸ்ல வெந்து சாகுறேன். உங்காபீஸ்ல பனி கொட்டுதா?"

"படிச்சவங்க இருக்குற எடம் அப்படித்தான் இருக்கும்."

கண்டக்டரும் நம்பிவிட்டார். போகிற வழியில் இரண்டு பயணிகளிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தார்.

கம்ப்யூட்டரின் உறையைச் செருப்பு சார் இரண்டு விரலால் தூக்கி எடுத்தார். எட்டிப் பார்த்தாள். கீபோர்டின் மேல் குனிந்தாள்.

"சார், இது நம்ம மெஷின்தானே. எழுத்தெல்லாம் அதே எடத்துல இருக்கு."

"மெதுவா பேசுங்க."

"எல்லாமே அதே எடத்துல இருக்கு சார்."

"எனக்குத் தெரியும்மா. மெதுவா பேசுங்கன்னா."

விரலை வைத்தாள். ஓடியது. ஓங்கி ஒன்று வைத்தாள். எந்த எழுத்தும் சாகவில்லை. அதன்பிறகு பழக மிச்சம் இருந்தது, எப்படித் திறப்பது, எப்படிச் சேமிப்பது, எப்படி அச்சுக்கு அனுப்புவது, எப்படி அணைப்பது என்பதுதான். டீ வருவதற்குள் அதுவும் முடிந்துவிட்டது. இதற்காகவா இத்தனை வருடம் என்று கோபம் பொங்கியது. ஆனால் அந்தக் கோபம் டீ ஆறுகிற வரைதான். இவ்வளவு சுலபம் என்று வெளியே தெரிந்தால் தன் கதி என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். கோபம் போய்விட்டது. ஸ்வெட்டரின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டாள்.

அப்புறம் என்ன, தினமும் மத்தியானம் இரண்டு பேரும் கம்பளியில் பொதிந்துகொண்டு வேர்வையில் ஊறிக் கிடந்தார்கள். வெளியே வரும்போது உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே வருவாள். கூடத்தில் எல்லோரும் மரியாதையாகப் பார்ப்பார்கள். "கஷ்டமாம்மா?" என்று கணக்கர் கேட்டால், "மூளைய ரொம்பக் கேக்குது சார்," என்பாள். ஒரே மாதத்தில் அவளுக்கும் முகத்துக்கு நேரே ஒரு மரியாதை வந்துவிட்டது. அது தேன் மாதிரி இனித்தது என்பதை மறைப்பதில் அர்த்தம் இல்லை.

சின்ன டைப்பிஸ்ட் ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் கேட்டாள்.

"அக்கா, எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்கக்கா. சார்கிட்ட நீங்க கேட்டா விடுவாரு. ரெண்டு பேருமே பழகிட்டோம்னா, ரெண்டு பேரையும் வெச்சுக்கங்கன்னு என்ஜினியர்கிட்ட கேட்டுப் பாக்கலாம்ல."

பெரிய டைப்பிஸ்ட் வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். குளிர் தாங்காது என்று சொல்லலாமா என்று யோசித்தாள். இந்தப் பெண் இன்னொரு ஸ்வெட்டரோடு வந்து நிற்பாள். விரல் ஆகாது என்று சொல்ல முடியாது, தானே உட்கார்ந்திருக்கிறாளே. அப்போதுதான் அவளுக்கு அது வாயில் வந்தது. எங்கும் படிக்கவில்லை. யாரும் சொல்லவில்லை. வந்தது.

"ஒனக்கு எதுக்குடி இந்த வம்பு?" குரலைத் தாழ்த்தினாள். "அந்தத் திரையிலருந்து ஒரு கதிர் வருது. கண்ணுக்குத் தெரியாது. நேரா அடிவயித்துல படுதாம்."

"பட்டா?"

"எனக்கென்ன, பெத்து வளத்து முடிச்சாச்சு. நான் உக்காரலாம். நீ இன்னும்..."

அதோடு நிறுத்திவிட்டு ஒரு வாய் சாப்பிட்டாள். மீதியைச் சொல்லத் தேவை இருக்கவில்லை. சின்ன டைப்பிஸ்ட்டின் கை தானாக வயிற்றின் மேல் போனது. மாதா மாதம் மாமியார் கேட்கிற கேள்வி என்ன, டாக்டர் வீட்டு வாசலில் எத்தனை தடவை காத்திருந்தாள் என்பதையெல்லாம் அக்காவிடம்தான் அவள் சொல்லி அழுதிருந்தாள்.

"நல்லவேளை சொன்னீங்கக்கா," என்றாள்.

அந்தப் பொய் ஆபீஸ் முழுக்க நடந்து, ஒரு வாரத்தில் கை கால் முளைத்துத் திரும்பி வந்தது. வரி வசூல் பிரிவிலிருந்த அம்மா அவளைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், வெளிநாட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பெண்களுக்கெல்லாம் இப்படி ஆகிவிட்டதாம், பெரிய ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்துவிட்டார்களாம் என்று விவரமாகச் சொன்னாள். தன் வாயிலிருந்து பிறந்ததையே பெரிய டைப்பிஸ்ட் கண்ணை அகல விரித்துக் கேட்டாள். அன்று முழுக்க அவளுக்கே அடிவயிறு என்னவோ போல இருந்தது.

வருடம் முடிந்தது. ஒரு மத்தியானம் சின்ன டைப்பிஸ்ட் தன் மேஜையைத் துடைத்துவிட்டு, டைப்ரைட்டருக்கு உறை போட்டுவிட்டு, நீரேற்று நிலையத்துக்குப் போனாள். போகிறபோது அழுதாள். "கொஞ்ச நாள்தான்டி. நான் என்ஜினியர்கிட்ட பேசுறேன்," என்று அக்கா முதுகைத் தட்டிக் கொடுத்தாள். பேசவில்லை.

கதவைத் திறந்தவன் ஒரு மெக்கானிக். கோடை தொடங்கியபோது பிரிண்டர் காகிதத்தை மென்று துப்ப ஆரம்பித்தது. கம்பெனியிலிருந்து ஆள் வந்தான். வழியில் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தை மிதித்து வந்த ஷூவோடும், கையில் டீ கிளாஸோடும் நேரே உள்ளே போய்விட்டான். செருப்பு சார் இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"தம்பி, செருப்பு, செருப்பு."

"இது ஷூ சார்."

"அதத்தான் கழட்டணும்."

"எதுக்கு?"

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை ஒருவனும் கேட்டதில்லை.

"தூசி," என்றார். "மெஷினுக்கு ஆகாது."

"சிமெண்ட் பேக்டரியில ஓடுது சார். மாவு மில்லுல ஓடுது. நேத்து கோழிப் பண்ணையில ஒண்ணு ரிப்பேர் பாத்துட்டு வரேன், மேல ஒரு கோழி உக்காந்திருந்துச்சு." டீ கிளாஸைக் கம்ப்யூட்டரின் தலையில் வைத்தான். பிறகுதான் இரண்டு பேரையும் சரியாகப் பார்த்தான். "என்ன சார், நீங்களும் மேடமும் ஜோடியா ஸ்வெட்டர் போட்டு உக்காந்திருக்கீங்க? ஜுரமா? யப்பா, என்ன புழுக்கம். அந்த ஏசிய மொதல்ல நிறுத்துங்க, வெறும் காத்தாடி ஓடுது." பையை எடுத்துக் கண்ணாடிக் கதவுக்கு அண்டக் கொடுத்து, கதவை விரியத் திறந்து வைத்தான்.

வெக்கை கூடத்துக்குள் உருண்டு வந்தது. ஒவ்வொருவராக எழுந்து வந்து பார்த்தார்கள். என்ஜினியரும் வந்தார். வாசலில் குனிந்து, பழக்கப்படி ஒரு ஷூவைக் கழற்றினார். மெக்கானிக்கின் சேற்று ஷூவைப் பார்த்தார். கம்ப்யூட்டர் தலையில் ஆவி பறந்துகொண்டிருந்த டீயைப் பார்த்தார். இன்னொரு ஷூவைக் கழற்றுவதா, கழற்றியதை மாட்டுவதா என்று தெரியாமல், கட்டைவிரல் வெளியே தெரிகிற ஒரு சாக்ஸோடு அப்படியே நின்றார். இத்தனை தண்ணீரைப் பம்ப் பண்ணத் தெரிந்த மனிதர்.

யாரும் சிரிக்கவில்லை. செருப்பு சாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமென்றால், தான் செருப்பைக் கழற்றியதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு ஆள் தயாராக இல்லை. கலைந்து போனார்கள். அடுத்த வாரம் மெஷின் கூடத்துக்கு வந்தது. பிறகு இன்னும் இரண்டு வந்தன. கீபோர்டில் பிஸ்கட் தூள் விழுந்தது. மேலே பூச்சாடி வைத்தார்கள், ஈரக் குடை வைத்தார்கள். "சுத்தமா இருக்கட்டும்னுதான் கழட்டினோம்," என்றார் கணக்கர். "நான் அப்பவே சொன்னேன்," என்றார் இன்னொருவர். எப்போது, யாரிடம் என்று கேட்க ஆள் இல்லை. வரி வசூல் அம்மா தன் மகளைக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்த்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரியைப் பற்றி அதன்பிறகு அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பிடித்திருந்த நம்பிக்கையை விடும்போது மனிதர்களுக்குக் கொஞ்சமாவது கை நடுங்கும் என்று நினைப்போம். எச்சில் இலையை எறிகிற மாதிரி எறிந்துவிட்டுப் போனார்கள்.

சின்ன டைப்பிஸ்ட் வந்தது அதற்குப் பிறகுதான். வயிறு நன்றாகத் தெரிந்தது. அந்தத் தூரத்துக்கு இனி நடக்க முடியாது, பழைய இடத்துக்கே மாற்றித் தாருங்கள் என்று கேட்க வந்திருந்தாள். என்ஜினியர் பெரிய டைப்பிஸ்ட்டையும் செருப்பு சாரையும் உள்ளே கூப்பிட்டார்.

"எல்லாருக்கும் சமமா வாய்ப்பு குடுக்கத்தான சொன்னேன். இந்தப் பொண்ணு ஏன் பழகல?"

இவள் உள்ளே வந்தால் தான் வெளியே என்று பெரிய டைப்பிஸ்ட் நினைத்தாள். மாமியாரின் இருமல் காதுக்குள் கேட்டது.

"அதுக்கு ஆர்வம் இல்ல சார்," என்றாள்.

சின்ன டைப்பிஸ்ட் அவளைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, முகவரி தெரியாத தெருவைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"அது முன்னாடி உக்காந்தா வயித்துல தங்காதுன்னு அக்கா சொன்னாங்க சார். நம்பிட்டேன். அதான் நான் பண்ண தப்பு."

"யார் சொன்னது அப்படி?" என்ஜினியர் நிமிர்ந்தார்.

"நான் எப்ப சொன்னேன்? சார்தான் அப்படியெல்லாம் சொல்லிட்டிருப்பாரு," என்று பெரிய டைப்பிஸ்ட் பக்கத்தில் நின்ற செருப்பு சாரைக் கைகாட்டினாள்.

"நானா?" செருப்பு சார் பதறினார். "நான் செருப்ப மட்டும்தான் சார் சொன்னேன். வயித்தப் பத்தி நான் பேசவே இல்ல. அதெல்லாம் நான் கேள்விப்பட்டதே இவங்ககிட்டதான்."

செருப்பு என்ற சொல் என்ஜினியரின் காதில் விழுந்த வேகத்தில் அவர் முகம் கறுத்தது. அந்த ஒற்றை ஷூ நாளை அவர் மறக்கவில்லை. பொய்யைப் பற்றியெல்லாம் அவருக்குக் கவலை இல்லை. தன்னை வெறுங்காலோடு நிற்க வைத்தவனை எங்காவது கண்காணாத இடத்துக்கு அனுப்ப வேண்டும், அதற்கு ஒரு வழி கிடைத்தது. சின்ன டைப்பிஸ்ட்டைத் தன் மேஜையிலிருந்த புது மெஷினில் உட்காரச் சொன்னார். அவள் ஒரு முறை கீபோர்டை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"எல்லாம் அதே எடத்துல இருக்கு," என்றாள் தனக்குத்தானே. அடிக்க ஆரம்பித்தாள்.

"அறையே இல்லாதப்ப அறைக்குப் பொறுப்பாளர் எதுக்கு?" என்றார் என்ஜினியர், செருப்பு சாரைப் பார்க்காமல். "நீரேற்று நிலையத்துக்கு ஒரு ஆள் வேணும். நீங்க போங்க. இங்க உங்க எடத்துல இந்தப் பொண்ணு இருக்கட்டும்."

செருப்பு சார் போனார். அங்கே நாய் இல்லை என்பதால் அவருக்குப் பெரிய வருத்தமும் இல்லை. போன சில மாதங்களில், மோட்டாருக்குப் பக்கத்தில் யாராவது விசிலடித்தால் உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் புகைந்துவிடும் என்று அங்கிருந்த காவலாளியை நம்ப வைத்துவிட்டாராம். கொட்டகை வாசலில் இப்போது எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு போகிறார்கள் என்று கேள்வி.

பெரிய டைப்பிஸ்ட்டின் வேலையும் போகவில்லை. அவள் பயந்ததெல்லாம் வீண். எதிர் மேஜையில் சின்ன டைப்பிஸ்ட், முன்னால் திரை, மேஜை விளிம்பில் இடிக்கிற வயிறு. நாளுக்கு நாள் பெரிதாகும் அந்த வயிற்றைப் பார்க்காமல் தலையை நிமிர்த்த வழியில்லை. ஒரு நாள் டீ வந்தபோது ஒரு கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"குடிடி. சூடா இருக்கு."

"வேணாம் மேடம்."

கூடத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மரியாதையான சொல்தானே.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆபீஸே கூட்டமாகப் போய்ப் பார்த்தது. வரி வசூல் அம்மாதான் முதலில் கையில் வாங்கிக் கொஞ்சினாள். பெரிய டைப்பிஸ்ட் கடைசியாக வாங்கினாள். குழந்தை கனமாக, சூடாக இருந்தது. அவள் மோதிர விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சின்ன டைப்பிஸ்ட்டின் மாமியார் பக்கத்தில் வந்து நின்றார்.

"யாரும்மா இவங்க? அக்கா, அக்கான்னு சொல்லிட்டே இருப்பியே, அவங்களா?"

சின்ன டைப்பிஸ்ட் தலையணையைச் சரிசெய்துகொண்டாள்.

"இல்ல அத்தை. இவங்க ஆபீஸ்ல வேலை பாக்குற மேடம்."